புள்ளி அன்று

சாவ்ராஸ்தா சந்தையின் மாடியில்
துப்பறியும் நாவல் இரண்டு வெள்ளி,
சமையல் குறிப்பு ஐந்து.
புத்தகங்களைப் பற்றிய புத்தகங்களுக்கு மட்டும்
பதுருதீனிடம் விலை கிடையாது.
"அதெல்லாம் யாரு கேக்குறா,
ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்றேன்" என்பார்.
அன்று என் முகம் நான்கு வெள்ளி.

கீழே கடைகளில் ஜாதிக்காய் ஊறுகிறது.
அந்த வாடை படியேறி வந்து
எல்லா ஏட்டிலும் உட்கார்ந்துகொள்கிறது:
தைத்துக் கட்டும் முறை பற்றியது,
'லை' இன்னும் தும்பிக்கையைத் தூக்கியிருக்கும்
அச்செழுத்து மாதிரிகள்,
மலாய் – தமிழ் அகராதியின் பின்பாதி.
'மாலாம், இரவு' என்று தொடங்குகிறது அது.
அதற்கு முந்திய சொற்களெல்லாம்
யார் வீட்டிலோ.

நான் எடுத்தது
அச்சுப்பிழை திருத்துவது எப்படி என்று சொல்லும் நூல்.
அட்டை இல்லை, பெயர்ப் பக்கம் இல்லை.
ஊதா முத்திரை ஒன்று:
வீ. கோமளவல்லி, சுங்கை பட்டாணி.

சும்மா படிக்கிறவர் இல்லை கோமளவல்லி.
பிழை திருத்தும் நூலைத் திருத்தியிருக்கிறார், சிவப்பு மையில்.
நாற்பதாம் பக்க ஓரத்தில்,
'ஒற்று மிகாது. காண்க 61.'
அறுபத்தொன்றில்,
'மிகும். நாற்பதில் எழுதியது நான் இல்லை,
என் தலைவலி.'

எழுபத்து மூன்றில் ஒரு கொசு.
மூடிய பக்கங்களுக்கிடையே மாட்டி
இறக்கை காகிதத்தோடு காகிதமாகிவிட்டது.
உடம்பு மட்டும் கருத்த ஒரு துளி,
'திருததம்' என்ற சொல்லில்
'ரு'வை அடுத்த தகரத்தின் தலைமேல்.
சுற்றிலும் சிவப்பு வட்டம்.
வட்டத்திலிருந்து ஒரு கோடு ஓரத்துக்கு ஓடி
அங்கே:
'இது கொசு. புள்ளி அன்று.'

ஜெலுத்தோங்கில் பலகை அடிக்கும் கடையில் எனக்கு வேலை.
அந்த வாரம் டிங்கிக் காய்ச்சல் எச்சரிக்கை,
நான்கு மொழியில், முந்நூறு.
கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போனதில்
தமிழ் வரி மட்டும் உடைந்திருந்தது:
'ெகாசு.'
ஏறி உட்கார எழுத்தில்லாத கொம்புக்குக்
கணினி இரக்கப்பட்டு
புள்ளிகளாலேயே ஒரு வட்டம் வரைந்து தந்திருந்தது.
அத்தனை புள்ளியில்
ஒன்றுகூடப் புள்ளி அன்று.

நான் பார்த்தபோது முந்நூறும் அச்சாகிவிட்டன.

சியூ லெங் இரண்டு தாளை அருகருகே வைத்து
"எது தப்பு?" என்றாள்.
கேலி இல்லை. அவளுக்கு இரண்டும் ஒரே பூச்சி.
நடுவில் இருக்கும் வட்டத்தைக் காட்டினேன்.
"இது முட்டையில்லையா?" என்றாள்,
"கொசுவுக்குப் பொருத்தமாத்தானே இருக்கு."

எனக்குப் பதில் வரவில்லை.

மஞ்சள் ஒட்டியில் சரியான கொசுவை வெட்டி
பதினொரு மணிவரை ஒட்டினோம்.
கணுக்காலில் கடித்துக்கொண்டே இருந்தன
எழுத்தறியாத கொசுக்கள்.
கடைசி நாற்பது கோணல்.
யாரும் கேட்கமாட்டார்கள் என்றாள் அவள்.
கோமளவல்லி கேட்பார் என்று
மலாயில் எப்படிச் சொல்வது?
அகராதியின் முன்பாதியில் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து எழுபத்து மூன்றைத் திறந்தேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
அச்சில் அந்தத் தகரத்துக்குப்
புள்ளியே இல்லை.
வைக்க மறந்தவன் மறந்த இடத்தில்
சரியாகப் போய்ச் செத்திருக்கிறது.
வட்டம் போட்டவர்
கொசுவைப் பார்த்தார்.

பென்சிலை எடுத்து
அவர் எழுத்துக்குக் கீழே, சின்னதாக,
'ஆனால் இடம் சரி' என்று எழுதினேன்.

எதிர்ப் பக்கத்தில், எழுபத்திரண்டில்,
கோமளவல்லியும் தவறவிட்ட மெய் ஒன்று
இன்னும் மொட்டைத் தலையோடு நிற்கிறது.
அறைக்குள் ஒன்று பாடிக்கொண்டு சுற்றுகிறது.

புத்தகத்தை
மூடாமல் வைத்திருக்கிறேன்.